மன்னிப்பு யாருடையது? தியாகம் எது?
ஒரு தொலைக்காட்சி நாடகத்தை முன்வைத்துச் சில சிந்தனைகள்

கொழும்பு – கண்டி வீதியில் பயணம் செய்பவர்களுக்கு வரக்காப்பொல என்றதும் வீதியோரத்து எள்ளுருண்டைக் கடைகளே நினைவுக்கு வரும். ஆனால் அந்தப் பிரதான வீதியிலிருந்து விலகி உள்ளே சென்றால் இறப்பர்த் தோட்டங்களும் லயங்களும் இருக்கின்றன என்பதையும், அங்கே தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன என்பதையும் பலர் அறிவதில்லை. அவ்வாறான ஒரு தோட்டத்தின் பிள்ளைக்காம்பராவில் மாதத்தில் ஒரு சனிக்கிழமை எமது பெண்கள் குழு கூடுவது வழக்கம். அதிகாலையில் எழுந்து பால் வெட்டி, அதை நிறுத்துக் கொடுத்து, வீட்டு வேலைகளையும் முடித்த பின்னரே பெண்கள் வந்து சேர்வார்கள்.

இவர்களுள் சிலருடைய வாழ்க்கை மிகவும் சிக்கலானது. 1977 ஆம், 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பின்னர், தோட்டங்களில் வாழ்வதற்கு அஞ்சிய பெற்றோருடன் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் சென்று குடியேறியவர்கள் இவர்கள். அங்கேயே திருமணம் முடித்து, பிள்ளைகளைப் பெற்று, இறுதி யுத்தத்தில் கணவனையோ பிள்ளையையோ பறிகொடுத்து, 2009 இற்குப் பின்னர் உறவினர்களை நாடி மீண்டும் இங்கே வந்தவர்கள். வன்னியில் இருந்த காலத்தில் இவர்களைத் 'தோட்டத்து ஆட்கள்' என்றார்கள். தோட்டத்துக்குத் திரும்பி வந்த பிறகு 'வன்னி ஆட்கள்' என்கிறார்கள்.

சில மாதங்களுக்கு முன்னர் நண்பி ஒருவர் எனக்கு ஓர் இறுவட்டைத் தந்தார். பிபிசி தயாரித்த ஆறு பாகத் தொலைக்காட்சி நாடகம் அது. வாரம் ஒரு பாகமாக ஆறு சனிக்கிழமைகள் அதைக் குழுவினருக்குப் போட்டுக் காட்டினோம். உரையாடல் ஆங்கிலத்தில் இருந்ததால், உயர்தர வகுப்பில் படிக்கும் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தியும் நானும் இடையிடையே நிறுத்தித் தமிழில் சொன்னோம்.

முதலாவது பாகத்தில் ஒரு காட்சி வருகின்றது. தன் வீட்டில் உணவும் படுக்கையும் பெற்றுக்கொண்டு, இரவோடிரவாக வெள்ளிப் பாத்திரங்களைத் திருடிச் சென்ற ஒருவனை ஓர் ஆயர் மன்னிக்கிறார். மன்னிப்பதோடு நில்லாமல் இரண்டு வெள்ளி விளக்குத் தண்டுகளையும் சேர்த்துக் கொடுக்கிறார். அனைவரும் அமைதியாக இருந்தோம். அப்போது பின்வரிசையில் இருந்த வயது முதிர்ந்த அம்மா ஒருவர் கேட்டார்: "அந்தச் சாமியார்கிட்ட வெள்ளி இருந்துச்சு, குடுத்தாரு. எங்கிட்ட என்ன இருக்கு மிஸ், குடுக்கிறதுக்கு?"

இந்த அம்மாவின் மகன் 2009 இல் காணாமல் போனவர். "எல்லாரையும் மன்னிச்சு விட்டுட்டு இருக்கிற பிள்ளைகளைப் பாரு" என்று உறவினர்கள் பல வருடங்களாக அவருக்குச் சொல்லி வருகிறார்கள். அவருடைய கேள்விக்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதற்கான பதிலைத் தேடும் முயற்சியே இக்கட்டுரை.

நாடகத்தின் கதை

பிரான்ஸ் நாட்டு எழுத்தாளர் விக்டர் ஹியூகோ எழுதி 1862 இல் வெளியான 'லே மிசரபிள்' என்ற நாவலே இந்நாடகத்தின் மூலம். எமது வாசகியருக்கு இது முற்றிலும் புதிய கதையன்று. சுத்தானந்த பாரதியார் இதனை 'ஏழை படும் பாடு' என்ற பெயரில் தமிழுக்குக் கொண்டுவந்தார். அதே பெயரில் கே. ராம்நாத் இயக்கிய திரைப்படம் 1950 இல் வெளிவந்தது. நாகையா கதாநாயகனாக நடித்தார். கண்டிப்பான பொலிஸ் அதிகாரி ஜாவராக நடித்த சீதாராமன், அதன்பின் வாழ்நாள் முழுவதும் 'ஜாவர் சீதாராமன்' என்றே அழைக்கப்பட்டார்.

பிபிசியின் நாடகம் 2018 டிசம்பர் 30 ஆம் திகதி ஒளிபரப்பாகத் தொடங்கியது. திரைக்கதையை அன்ட்ரூ டேவிஸ் எழுத, டொம் ஷாங்லன்ட் இயக்கினார். டொமினிக் வெஸ்ட், டேவிட் ஒயெலோவோ, லிலி கொலின்ஸ் ஆகியோர் முக்கிய பாத்திரங்களில் நடித்துள்ளனர்.

கதைச் சுருக்கம் இதுதான். பசியால் வாடிய தன் சகோதரியின் ஏழு பிள்ளைகளுக்காக ஒரு துண்டுப் பாணைத் திருடியவன் ஜீன் வல்ஜீன். அந்தக் குற்றத்துக்காகவும், இடையில் தப்பியோட முயன்றதற்காகவும் மொத்தம் 19 வருடங்கள் சிறையில் கழித்து 1815 இல் வெளியே வருகிறான். சிறையிலிருந்து வந்தவன் என்பதால் எவரும் அவனுக்கு இடம் கொடுப்பதில்லை. ஆயர் மிரியேல் மட்டும் கதவைத் திறக்கிறார். அவர் செய்த மன்னிப்பு அவனது வாழ்வைத் திசை திருப்புகின்றது. பெயரை மாற்றிக்கொண்டு, ஒரு நகரில் மணித் தொழிற்சாலை நடத்தி, அந்நகரின் மேயராகவும் ஆகிறான். அவனது தொழிற்சாலையில் வேலை செய்த ஃபான்டீன் என்ற பெண்ணின் மகள் கொசெத்தை, தாய் இறந்த பின்னர் தன் மகளாக வளர்க்கிறான். அவன் யார் என்பதைக் கண்டுபிடித்த ஜாவர், வாழ்நாள் முழுவதும் அவனைத் துரத்துகிறான்.

இக்கதையில் மன்னிப்பும் தியாகமும் திரும்பத் திரும்ப வருகின்றன. இரண்டும் கிறிஸ்தவ சமயத்தின் அடிப்படைகள். ஆனால் எமது குழுவில் இருந்தவர்களுள் பெரும்பாலானோர் இந்துக்கள். அவர்களுக்கும் இக்கதை நெருக்கமாக இருந்தமைக்குக் காரணம், இவ்விரு சொற்களும் எந்தச் சமயத்தைச் சேர்ந்தவராயினும் எமது பெண்களின் தலையில் அன்றாடம் சுமத்தப்படும் சொற்களாக இருப்பதேயாகும்.

நான் செய்த ஒரு தவறு

இவ்விடத்தில் எனது அனுபவம் ஒன்றைக் கூறியாக வேண்டும். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் கற்று வெளியேறி, வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் வன்னியில் பணியாற்றினேன். அங்கே ஒரு பெண், தன் கணவனைக் கூட்டிச் சென்ற நாளைப் பற்றி ஒவ்வொரு கூட்டத்திலும் பேசுவார். அந்தக் கோபம் அவரை அரித்துக்கொண்டிருப்பதாக எனக்குத் தோன்றியது. ஒருநாள் "எல்லாத்தையும் மன்னிச்சு மறந்திட்டால் மனம் லேசாகும், அக்கா" என்று சொன்னேன். நல்ல நோக்கத்துடனேயே சொன்னேன்.

அவர் என்னைச் சிறிது நேரம் பார்த்தார். "ஆரை மன்னிக்கிறது, பிள்ளை? ஆள் ஆரெண்டு உமக்குத் தெரியுமோ?" என்று கேட்டார். அதன்பின் அவர் எமது கூட்டங்களுக்கு வரவேயில்லை. வீடு தேடிச் சென்றேன். தேநீர் தந்தார், பேசவில்லை.

படித்த பெண் ஒருத்தி, பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு மன்னிப்பைப் போதிப்பது எவ்வளவு பெரிய அவமதிப்பு என்பதை நான் விளங்கிக்கொள்ளப் பல வருடங்கள் எடுத்தன. வன்னியில் அந்த அக்கா கேட்ட கேள்வியும், வரக்காப்பொலையில் இந்த அம்மா கேட்ட கேள்வியும் ஒன்றுக்கொன்று உறவானவை. ஆயர் மிரியேலின் காட்சியை அந்த இரண்டு கேள்விகளோடும் சேர்த்து மீண்டும் பார்த்தபோதுதான், முன்னர் கவனிக்காத சில விடயங்கள் எனக்குப் புலப்பட்டன.

ஆயர் எப்படி மன்னித்தார்?

முதலாவது, ஆயர் தன்னுடைய பொருளைத்தான் கொடுத்தார். பக்கத்து வீட்டுக்காரரின் வீட்டில் நடந்த திருட்டை அவர் மன்னிக்கவில்லை. தனக்கு நேர்ந்த இழப்பைத் தானே மன்னித்தார். அவ்வாறு செய்யும்படி எவரும் அவரை வற்புறுத்தவுமில்லை.

இரண்டாவது, அங்கே உண்மை வெளிச்சத்தில் இருந்தது. எடுத்தவன் யார், எடுக்கப்பட்ட பொருள் எது என்பதெல்லாம் தெரிந்திருந்தன. திருடியவன் ஆயரின் முன்னால் நின்றான். யாரென்றே தெரியாத ஒருவனை, என்ன நடந்ததென்றே தெரியாத ஒரு செயலுக்காக மன்னிக்கும்படி கதை அவரைக் கேட்கவில்லை.

மூன்றாவது, மன்னிப்போடு ஒரு பொறுப்பும் கொடுக்கப்பட்டது. அந்த வெள்ளியைக் கொண்டு நேர்மையான மனிதனாக வாழ வேண்டும் என்று ஆயர் கேட்டுக்கொள்கிறார். அந்தப் பொறுப்பு இலகுவானதன்று. ஆயரின் வீட்டை விட்டு வெளியேறிய உடனேயே வல்ஜீன் வழியில் ஒரு சிறுவனின் நாணயத்தைப் பறித்துவிடுகிறான். பின்னர் அதை உணர்ந்து கதறியழுது அச்சிறுவனைத் தேடுகிறான். மன்னிக்கப்பட்டதால் மட்டும் மனிதன் மாறிவிடுவதில்லை. தான் செய்ததைத் தானே பார்க்கும்போதுதான் மாறுகிறான் என்பதை ஹியூகோ இதன்மூலம் காட்டுகிறார்.

நான்காவதாக ஒன்றையும் கவனிக்க வேண்டும். ஆயர் பொலிஸாரிடமிருந்து வல்ஜீனைக் காப்பாற்றினார் என்பது உண்மை. ஆனால் வல்ஜீன் ஒரு துண்டுப் பாணுக்காக ஏற்கனவே 19 வருடங்கள் தண்டனை அனுபவித்தவன். சட்டத்தின் கையில் அளவுக்கு மிஞ்சி அடிபட்ட ஓர் ஏழைக்கு, சமூகத்தில் மதிப்பும் செல்வாக்கும் உள்ள ஒருவர் காட்டிய இரக்கம் அது. பலமுள்ளவர் பலமற்றவர் மீது காட்டும் இரக்கம் ஒன்று. பலமுள்ளவரின் குற்றத்தைப் பலமற்றவர் பொறுத்துப்போக வேண்டும் என்று எதிர்பார்ப்பது வேறொன்று.

கிறிஸ்தவ மரபிலும் மன்னிப்பு என்பது கண்களை மூடிக்கொள்வதன்று. கத்தோலிக்கரின் பாவசங்கீர்த்தனத்தில் மனம் வருந்துதல், குற்றத்தை வாய்விட்டுச் சொல்லுதல், பரிகாரம் செய்தல் என்ற மூன்றும் கேட்கப்படுகின்றன. நற்செய்தியில் வரும் வரி வசூலிப்பவரான சக்கேயு, இயேசு தன் வீட்டுக்கு வந்தபோது, தான் ஏமாற்றி எடுத்ததை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாக வாக்களித்தார். சிலுவையில் தொங்கியபடி தன்னைக் கொன்றவர்களுக்காக மன்றாடிய அதே இயேசு, அதற்கு முந்திய விசாரணையில் தன்னைக் கன்னத்தில் அறைந்த காவலனிடம் ஏன் அடித்தாய் என்று நியாயம் கேட்டவரும் ஆவார். மன்னித்தவர் கேள்வி கேட்கக்கூடாது என்று அந்த மரபில் எங்கும் இல்லை.

ஃபான்டீன் செய்தது தியாகமா?

இரண்டாவது பாகம் முடிந்த அன்று எமது பெண்கள் நெடுநேரம் எழுந்து செல்லவில்லை. அது ஃபான்டீனின் கதை.

காதலித்தவன் கைவிட்டுச் சென்றபின், கைக்குழந்தையுடன் தனித்து நின்றவள் ஃபான்டீன். குழந்தையுடன் சென்றால் வேலை கிடைக்காது என்பதால், வழியில் விடுதி நடத்திய தெனார்டியே குடும்பத்தாரிடம் கொசெத்தை ஒப்படைத்து மாதாமாதம் பணம் அனுப்புகிறாள். திருமணமாகாமல் பிள்ளை பெற்றவள் என்பது தெரியவந்ததும் தொழிற்சாலையிலிருந்து நீக்கப்படுகிறாள். நாவலில் இந்த இரகசியத்தைத் துருவி வெளிக்கொணர்பவள் ஒரு பெண். அவளை வேலையிலிருந்து நிறுத்துபவளும் மேற்பார்வை செய்யும் ஒரு பெண்தான். ஆணாதிக்கச் சமூகம் பெண்களைக் கொண்டே பெண்களைக் காவல் காக்கின்றது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

அதன்பின் ஃபான்டீன் ஒவ்வொன்றாக இழக்கிறாள். பிள்ளைக்குக் குளிருக்கு உடை இல்லை என்று கடிதம் வருகின்றது. தன் கூந்தலை 10 பிராங்குக்கு விற்று ஒரு கம்பளிப் பாவாடை வாங்கி அனுப்புகிறாள். அதைத் தெனார்டியே குடும்பம் தங்கள் சொந்த மகளுக்குப் போட்டுவிடுகின்றது. பிள்ளைக்குக் கடும் காய்ச்சல், மருந்துக்குப் பணம் தேவை என்று அடுத்த கடிதம் வருகின்றது. தன் இரண்டு முன் பற்களையும் 40 பிராங்குக்கு விற்கிறாள். பிள்ளைக்கோ காய்ச்சலே இல்லை, கடிதம் பொய். இறுதியில் விற்பதற்கு அவளிடம் உடல் மட்டுமே எஞ்சுகின்றது.

எமது குழுவில் மத்திய கிழக்கில் எட்டு வருடங்கள் வீட்டுப் பணிப்பெண்ணாக வேலை செய்த ஒருவர் இருக்கிறார். அவர் அனுப்பிய பணத்தில் வீட்டுக்குக் கூரைத் தகடுகூட மாற்றப்பட்டிருக்கவில்லை. "நான் அனுப்பின பாவாடையும் அப்படித்தான் போச்சு" என்று மட்டும் சொன்னார். நுண்கடனை அடைக்கத் தாலிக்கொடியை அடகு வைத்து, பின்னர் மீட்க முடியாமற் போன மற்றொருவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அன்று ஒருவர், ஃபான்டீன் ஒரு தியாகி என்று சொன்னார். அனைவரும் தலையசைத்தார்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. பிள்ளை மீது அவள் வைத்த அன்பு மிக உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அவள் இழந்தவை எல்லாம் தியாகங்களா? வேலையிலிருந்து அவளை நீக்கியவர்களும், பொய் எழுதிப் பணம் கறந்தவர்களும், ஆசை காட்டிக் கைவிட்டவனும் அவளிடமிருந்து பறித்துக்கொண்டவை அவை. பறிக்கப்பட்டதற்குத் தியாகம் என்று பெயர் சூட்டினால், பறித்தவரைப் பற்றி எவரும் கேட்கமாட்டார்கள். அவளைப் புகழ்ந்துவிட்டு அனைவரும் நிம்மதியாகப் போய்விடலாம்.

எமது வீடுகளில் இதுதான் நடக்கின்றது. எனது அம்மா எல்லோருக்கும் பரிமாறிய பின்னர் சட்டியில் மிஞ்சியதைத்தான் சாப்பிடுவார். பல நாட்கள் மிஞ்சாது. 'பசிக்கவில்லை' என்பார். அதை நாங்கள் அம்மாவின் தியாகம் என்று பெருமையாகச் சொல்லியே வளர்ந்தோம். ஒருநாளாவது அவருக்கு ஒரு கோப்பையில் சோற்றை முதலில் எடுத்து வைக்க எங்களில் எவருக்கும் தோன்றவில்லை. யுத்தத்தின் பின்னர் கணவனின்றித் தனியாகக் குடும்பத்தைச் சுமக்கும் எமது சகோதரிகளையும் இந்தச் சமூகம் இவ்வாறுதான் போற்றுகின்றது. மேடையில் 'தியாகத் தாய்' என்று பொன்னாடை போர்த்துவார்கள். அவளது காணி உறுதிக்காகவோ, சம்பளத்துக்காகவோ, பிள்ளையின் பாடசாலை அனுமதிக்காகவோ ஒரு கடிதம் எழுதிக் கொடுக்க முன்வருபவர்கள் மிகச் சிலரே.

அப்படியானால் உண்மையான தியாகம் எது? அதனையும் இந்நாடகமே காட்டுகின்றது. வேறொரு மனிதனை வல்ஜீன் என்று தவறாக எண்ணி நீதிமன்றத்தில் நிறுத்துகிறார்கள். வாய்மூடி இருந்தால் வல்ஜீன் மேயராகவே வாழ்ந்து முடிக்கலாம். இரவு முழுவதும் தன் மனதுடன் போராடி, நெடுந்தூரம் பயணம் செய்து, நீதிமன்றில் எழுந்து தானே வல்ஜீன் என்று சொல்கிறான். இதுதான் தியாகம். போகாமல் இருக்கவும் அவனுக்கு வழி இருந்தது. அவன் போனதால் குற்றமற்ற ஒருவன் காப்பாற்றப்பட்டான்.

இவ்விரு விடயங்களையும் வைத்து எமது வாழ்க்கையை நாமே அளந்து பார்க்கலாம். மறுக்க எனக்கு வழி இருந்ததா? நான் இழந்ததால் உண்மையில் யாராவது வாழ்ந்தார்களா, அல்லது என்னை ஏமாற்றியவர் கொழுத்தாரா?

எமது மண்ணில்

இவையெல்லாம் இருநூறு வருடங்களுக்கு முந்திய பிரான்ஸ் கதை, எமக்கு எப்படிப் பொருந்தும் என்று சிலர் கேட்கலாம். எமது பிராந்தியத்திலேயே நடந்த மூன்று சம்பவங்களை இங்கு நினைவுபடுத்துகிறேன்.

கேரளாவில் பிறந்த அருட்சகோதரி ராணி மரியா, மத்தியப் பிரதேசத்தில் வட்டிக்காரர்களின் பிடியிலிருந்த ஏழை விவசாயிகளுக்காக வேலை செய்தவர். 1995 பெப்ரவரி 25 ஆம் திகதி பேருந்தில் பயணம் செய்தபோது குத்திக் கொல்லப்பட்டார். கொலையாளி சமுந்தர் சிங்குக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2002 இல் ராணி மரியாவின் தங்கை, அருட்சகோதரி செல்மி பால், சிறைக்குச் சென்று அவருக்கு ராக்கி கட்டித் தன் சகோதரனாக ஏற்றுக்கொண்டார். சமுந்தர் சிங்கும் தான் செய்ததை உணர்ந்து மனம் வருந்தினார். 2006 இல் அவர் விடுதலையாக அக்குடும்பமும் துணை நின்றது. இங்கே மன்னித்தவர் இரத்த உறவான தங்கை. குற்றம் நீதிமன்றில் நிரூபிக்கப்பட்டிருந்தது. குற்றவாளி யாரென்று தெரிந்திருந்தது. அதன் பின்னரே, அவரது மனம் இடங்கொடுத்த காலத்தில் மன்னிப்பு வந்தது.

இரண்டாவது, எமது நாட்டில் 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று நடந்த குண்டுத் தாக்குதல்கள். கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் ஆகியவற்றிலும் கொழும்பு விடுதிகளிலும் 260 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அடுத்த வருட உயிர்ப்பு விழாவில், தாக்கியவர்களைத் தாம் மன்னித்துவிட்டதாகக் கர்தினால் மெல்கம் ரஞ்சித் ஆண்டகை கூறினார். ஆனால் அத்துடன் அவர் அமைதியாகிவிடவில்லை. பின்னணியில் இருந்தவர்கள் யார், தடுத்திருக்க வேண்டியவர்கள் ஏன் தடுக்கவில்லை என்று அதன்பின்னரும் தொடர்ந்து கேட்டு வந்தார். பாதிக்கப்பட்டோர் உட்படப் பலர் தாக்கல் செய்த அடிப்படை உரிமை மனுக்களில், 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தாக்குதல் நடந்தபோது ஜனாதிபதியாக இருந்தவரே தன் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மன்னிப்பும் நீதி கேட்பதும் ஒன்றாகவே நடக்கலாம் என்பதற்கு இது கண்முன்னே உள்ள உதாரணம்.

மூன்றாவது சம்பவத்தில் 'மன்னிப்பு' என்ற சொல் முற்றிலும் வேறு பொருளில் வருகின்றது. 2000 டிசம்பரில் யாழ்ப்பாணம் மிருசுவிலில் ஐந்து வயதுக் குழந்தை உட்பட 8 பொதுமக்கள் கொல்லப்பட்டனர். இராணுவத்தைச் சேர்ந்த ஒருவருக்கு 2015 இல் மேல் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 2019 இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2020 மார்ச்சில் அப்போதைய ஜனாதிபதி அவருக்குப் பொதுமன்னிப்பு வழங்கி விடுதலை செய்தார். இது மன்னிப்பா? பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் கையில் இருந்ததை, அவளைக் கேளாமலே எடுத்து வேறொருவர் வழங்கிவிட்டார். ஆயர் மிரியேல் தன் சொந்த வெள்ளியைக் கொடுத்தார். இங்கோ பிறருடைய வெள்ளி கொடுக்கப்பட்டது.

நாம் எடுத்துக்கொள்ளக்கூடியவை

சகோதரிகளே, மன்னிக்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. மன்னித்ததால் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கி, இரவில் நித்திரை வந்தது என்று சொன்ன பெண்களை நான் சந்தித்திருக்கிறேன். அவர்களது அனுபவம் உண்மையானது. மன்னிக்க முடியாமல், ஆனால் எவருக்கும் தீங்கு நினையாமல், தன் பிள்ளைகளை நல்லவர்களாக வளர்த்து வாழும் பெண்களையும் சந்தித்திருக்கிறேன். அவர்கள் எவ்விதத்திலும் குறைந்தவர்களல்லர்.

எனவே யாராவது உங்களை மன்னிக்கச் சொன்னால், சில கேள்விகளை மனதில் எழுப்பிப் பாருங்கள். சொல்பவர் யார், நான் மன்னிப்பதால் அவருக்கு என்ன இலாபம்? செய்தவர் தான் செய்ததை ஒப்புக்கொண்டாரா? மன்னிப்பு என்ற பெயரில் என் முறைப்பாட்டை மீளப் பெறச் சொல்கிறார்களா? மன்னித்த பின்னரும் அதே அடி, அதே ஏமாற்று தொடருமா? குறிப்பாக வீட்டில் நடக்கும் வன்முறைக்கு இது மிகவும் பொருந்தும். குடித்துவிட்டு அடிப்பதும் காலையில் மன்னிப்புக் கேட்பதும் மாறிமாறி நடக்கும் வீட்டில், மன்னிப்பு என்பது அடுத்த அடிக்கான அனுமதிச் சீட்டாகவே மாறிவிடுகின்றது. அவ்வாறான நிலையில் பிரதேச செயலகத்தில் உள்ள பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரையோ, உளவளத்துணை உத்தியோகத்தரையோ நாடுவது பாவமுமன்று, குடும்பத்துக்குச் செய்யும் துரோகமுமன்று. 2005 ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதிமன்றில் பாதுகாப்புக் கட்டளை பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு.

என்னைப் போன்ற சமூக சேவையாளர்களுக்கும், சமயப் பெரியார்களுக்கும் ஒரு வேண்டுகோள். மன்னிப்பை நாம் போதிக்க வேண்டியதில்லை. அவர்கள் பேசும்போது இருந்து கேட்டாலே போதுமானது. காயம் யாருடையதோ, காலத்தையும் அவரே தீர்மானிக்கட்டும்.

ஆறாவது சனிக்கிழமை

இறுதிப் பாகத்தில் வல்ஜீன் முதுமையடைந்து இறக்கிறான். ஆயர் கொடுத்த அந்த விளக்குத் தண்டுகளை அவன் கடைசிவரை விற்கவில்லை. தொலைக்காட்சியை நிறுத்திய பின்னர் அந்த அம்மாவிடம் சென்று, முதல் வாரம் அவர் கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதிலைச் சொன்னேன். உங்களிடமும் வெள்ளி இருக்கிறது அம்மா. மன்னிப்பதா இல்லையா என்ற முடிவுதான் அது. அதை உங்களைக் கேளாமல் எவரும் எடுக்க முடியாது என்றேன்.

அவர் யோசித்துவிட்டு, "அப்ப, குடுக்கிறதும் குடுக்காததும் என் இஷ்டந்தானே மிஸ்?" என்று கேட்டார். ஆம் என்றேன். "யாருக்குன்னு தெரியணுமில்ல மொதல்ல" என்று சொல்லிக்கொண்டே குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு அவர் ஒரு பிளாஸ்டிக் பையுடன் வந்தார். மகனின் அடையாள அட்டைப் பிரதியும், முன்னர் கொடுத்த முறைப்பாடுகளின் துண்டுகளும், காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கு அனுப்புவதற்கு நிரப்பாமல் வைத்திருந்த ஒரு படிவமும் அதில் இருந்தன. சில கடதாசிகள் நனைந்து ஒட்டிப்போயிருந்தன. உயர்தர வகுப்புப் பிள்ளை அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து மேசையில் காயவைத்தாள். திகதி ஒழுங்கில் அடுக்கி, படிவத்தின் முதலாவது பக்கத்தை அன்றே நிரப்பினோம்.